பெட்ரோல் ஊற்றுவது யார் கை?



பெட்ரோல் நிலையத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது. தொட்டியின் மூடியைத் திறக்கிறார்கள். குழாயின் முனை உள்ளே நுழைகிறது. விசையை அழுத்தியதும் பெட்ரோல் பாய்கிறது. செயல் இவ்வளவுதான். ஆனால் அந்த விசையை அழுத்தும் கை யாருடைய கையாக இருக்கவேண்டும் என்னும் கேள்வி எழுந்தபோது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் சட்டமன்றங்கள் கூடின. நீதிபதிகள் தீர்ப்பு உரைத்தனர். ஒரு மாநிலத்தில் பொதுமக்களே வாக்குச் சீட்டின் மூலம் விடை கூறினர். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வழக்கு முற்றிலும் தீர்ந்தபாடில்லை. அந்நாட்டின் 50 மாநிலங்களுள் 49 மாநிலங்களில் காரோட்டி தாமே இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம். எஞ்சிய நியூ ஜெர்சி ஒன்றில் மட்டும் அதற்கு இடங்கொடுப்பது சட்ட விரோதம். மீறினால் அபராதம் கட்ட நேரும்.

நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்கில் பணியாளரே நிரப்பித் தருகிறார். நிரப்புமுன் மீட்டரில் பூச்சியம் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுமாறு அவர் கூறுவதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆதலின் இது நமக்கு ஒரு வழக்காகவே தோன்றுவதில்லை. ஆயினும் ஒரு சிறு செயலுக்குப் பின்னால் விலை, விஞ்ஞானம், வேலை, முதுமை என்னும் இத்தனையும் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதைக் காண இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பணியாள் நிரப்பித் தருவதே தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றும், தாமே நிரப்பிக்கொள்வது பின்னர் வந்த புதுமை என்றும் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார் தம் கணவர் அமைத்த மோட்டார் வண்டியில், தம் மைந்தர் இருவருடன், மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சென்றார். வழியில் எரிபொருள் தேவைப்பட்டபோது வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் என்னும் திரவத்தை வாங்கினார். பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே உலகில் தோன்றாத காலம் அது. அமெரிக்காவிலும் முதற்கால மோட்டார்க்காரர்கள் பலசரக்குக் கடையில் தகர டப்பாவில் பெட்ரோலை வாங்கி, புனல் வைத்துத் தாமே தொட்டியில் ஊற்றிக்கொண்டனர்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் என்னும் எண்ணெய்க் கம்பெனி, கார் உள்ளே வந்து நின்று செல்லுமாறு கூரையுடன் கட்டிய ஒரு நிலையத்தைத் திறந்தது. காலன் ஒன்றுக்கு விலை 27 சென்ட். (காலன் என்றதும் எமதர்மனை எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கக் காலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர் கொண்ட ஓர் அளவு.) முதல் நாள் விற்றது 30 காலன் மட்டுமே. ஆனால் சக்கரங்களுக்குக் காற்றும் எஞ்சினுக்குத் தண்ணீரும் அங்கே இலவசமாகக் கிடைத்தன. பணியாள் முறை இவ்வாறுதான் வேரூன்றியது. ஒரு கம்பெனியின் பெட்ரோலுக்கும் மற்றொரு கம்பெனியின் பெட்ரோலுக்கும் வாங்குவோர் வேறுபாடு காண்பது அரிது. ஆதலின் பெட்ரோலில் காட்டமுடியாத வேறுபாட்டைக் கம்பெனிகள் பணிவிடையில் காட்டின. சீருடையும் தொப்பியும் அணிந்த பணியாளர் ஓடிவந்து முன்கண்ணாடியைத் துடைப்பார். எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பார். சக்கரத்தில் காற்றைச் சோதிப்பார். அக்காலத்து எஞ்சின்கள் எண்ணெயை மிகுதியாகக் குடித்தவை. ஆகவே அப்பணிவிடை வெறும் உபசாரமன்று, தேவையும் ஆகும்.

இதற்கு எதிரான போக்கு பெட்ரோல் நிலையத்தில் தொடங்கவில்லை. மளிகைக் கடையில் தொடங்கியது. நம் ஊர் மளிகைக் கடைகளைப் போலவே அமெரிக்காவிலும் வாங்குவோர் மேசைக்கு இப்புறம் நின்று கேட்க, கடைக்காரர் அப்புறம் நின்று எடுத்துத் தருவது வழக்கம். 1916-இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் கடையைத் திறந்து, வாங்குவோர் தாமே கூடையை ஏந்தி உள்ளே சென்று பொருள்களை எடுத்து வருமாறு செய்தார். எடுத்துத் தரும் ஆள்களின் கூலி மிச்சமாயிற்று, விலை குறைந்தது. இதே கணக்கை 1947-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஃபிராங்க் யூரிச் என்பவர் பெட்ரோலுக்குப் பொருத்தினார். நீங்களே நிரப்பிக்கொண்டால் காலனுக்கு 5 சென்ட் மிச்சம் என்று அறிவித்தார். சக்கரக் காலணி அணிந்த இளம்பெண்கள் பம்புக்குப் பம்பு வழுக்கிச் சென்று பணத்தைப் பெற்றுக்கொண்டனர். முதல் மாதத்திலேயே 5 லட்சம் காலன் விற்றதாகக் கூறுவர்.

இனி நியூ ஜெர்சிக்கு வருவோம். 1949-இல் ஹாக்கன்சாக் என்னும் ஊரில், 17-ஆம் எண் நெடுஞ்சாலையில், இர்விங் ரைன்கோல்டு என்பவர் 24 பம்புகளுடன் தாமே நிரப்பும் நிலையம் ஒன்றைத் திறந்தார். பிற நிலையங்களில் காலன் 21.9 சென்ட், அவரிடம் 18.9 சென்ட். வேறுபாடு 3 சென்ட்தானே என்று எண்ணாமல் விழுக்காட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். 21.9-இல் 3 என்பது ஏறக்குறைய 14 விழுக்காடு! 100 ரூபாய்ப் பொருளை 86 ரூபாய்க்குத் தருவதற்கு ஒப்பாகும். கார்கள் வரிசை வரிசையாக வந்து நின்றதில் வியப்பில்லை. அண்டை நிலையத்தார்க்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, தாமும் விலையைக் குறைப்பது. மற்றொன்று, சட்டமன்றத்தின் கதவைத் தட்டுவது. அவர்கள் இரண்டாம் வழியையே நாடினர் என்று ரைன்கோல்டு பிற்காலத்தில் கூறினார். அவ்வாண்டே பெட்ரோல் விற்பனைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பயிற்சி பெற்ற பணியாளரன்றி வேறு எவரும் பம்பைக் கையாளலாகாது என்பது அதன் சாரம். அவ்வழக்கு நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்களின் பாதுகாப்புக்காக இவ்வாறு விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1951-இல் நீதிமன்றம் கூறிவிட்டது.

இங்கே நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. அச்சட்டத்தின் பெயர் பாதுகாப்பைப் பேசியது. விலைப் போட்டியைப் பேசவில்லை. ஒரு சட்டம் பிறப்பதற்குரிய காரணம் ஒன்றாக இருக்கும். அது தன் வாயால் கூறும் காரணம் மற்றொன்றாக இருக்கும். அது நெடுநாள் நிலைத்து நிற்பதற்குரிய காரணம் வேறொன்றாக இருக்கும். பிறந்த காரணம் தன்னலமானது என்று கண்டவுடனே, கூறும் காரணமும் பொய் என்று முடிவு கட்டுவோர் பலர். அது தருக்கமுறைக்கு ஏற்றதன்று. திருடன் கூறினாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். கூறப்பட்ட காரணத்தைத் தனியே எடுத்து, அது மெய்யா என்று உரைத்துப் பார்க்கவேண்டும்.

அவ்வாறு உரைத்துப் பார்க்க ஆரிகன் மாநிலம் நமக்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது. அங்கே 1951-இல் இத்தகைய தடை பிறந்தது. அச்சட்டத்தில் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள காரணங்கள் 17. பெட்ரோல் தீப்பற்றும் பொருள். மழை மிகுந்த மாநிலமாதலால் நிலையத்தின் தரை வழுக்கும். பெட்ரோலின் ஆவி உடலுக்குத் தீங்கு. வண்டியை விட்டு இறங்குவோர் கள்வர் கையில் சிக்கலாம். வண்டியில் குழந்தைகளைத் தனியே விட்டுச் செல்ல நேரும். முதியோரும் உடற்குறையுடையோரும் இடர்ப்படுவர். பணியாளர் வேலை இழப்பர். இவ்வாறு செல்கிறது அப்பட்டியல். ஒரு மாணவன் கட்டுரைத் தேர்வில் இத்தனை காரணம் எழுதினால், உறுதியான காரணம் எது என்று நான் கேட்டிருப்பேன்.

முதற் காரணமாகிய தீயை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் திரவம் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. மண்ணெண்ணெய் சாதாரண அறை வெப்பத்தில் எளிதில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாவதில்லை. பெட்ரோலோ சுழிக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடுவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலே சென்று மறையாமல் தரையை ஒட்டிப் படரும். காற்றில் அதன் அளவு ஏறக்குறைய நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் ஏழரைப் பங்குக்கும் இடையே இருந்தால் ஒரு சிறு பொறி போதும். அதனினும் குறைந்தால் எரியாது, மிகுந்தாலும் எரியாது. தொட்டியின் வாயருகே, காற்றும் ஆவியும் கலக்கும் இடத்தில்தான் ஆபத்தான அளவு அமைகிறது. நிரப்புபவர் கை இருக்கும் இடமும் அதுவே.

பொறி எங்கிருந்து வரும்? புகைபிடிப்பது, எஞ்சினை நிறுத்தாதிருப்பது என்பவற்றை எல்லாரும் அறிவர். பலர் அறியாதது நிலைமின்சாரம். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் காற்று மிகவும் வறண்டிருக்கும். கம்பளி உடை அணிந்தவர் கார் இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கும்போது, துணியும் இருக்கையும் உராய்ந்து அவர் உடலில் மின்னேற்றம் தங்கிவிடும். பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துத் துண்டுக் காகிதங்களை நீங்கள் ஈர்த்ததுண்டல்லவா? அதே செயல்தான். இறங்கியவர் கதவின் உலோகத்தைத் தொட்டால் அம்மின்னேற்றம் அங்கேயே கழிந்துவிடும். ஆனால் குழாயை விசைப்பூட்டில் மாட்டிப் பெட்ரோல் பாயவிட்டு, குளிருக்கு அஞ்சி மீண்டும் காருக்குள் சென்று அமர்ந்து, பின்னர் இறங்கி வந்து நேரே குழாய் முனையைத் தொட்டால், பொறி ஆவியின் நடுவே தெறிக்கும். அமெரிக்காவில் பெட்ரோல் கருவித் தொழிலோரின் சங்கம் இத்தகைய தீ விபத்துகளின் அறிக்கைகளைத் திரட்டியபோது, பலவற்றில் இவ்வாறு காருக்குள் மீண்டும் ஏறி இறங்கிய செயலே காணப்பட்டது. கைபேசியால் தீ மூண்டதென்று மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி எதுவும் அதில் இல்லை. கைபேசிக்கு எச்சரிக்கைப் பலகை வைத்த உலகம், காருக்குள் மீண்டும் ஏறுவதற்கும் அதே அளவில் பலகை வைத்திருக்கலாம்.

ஆகவே தீ பற்றிய அச்சம் கற்பனையன்று. ஆனால் 1949-இல் இல்லாத காப்புகள் இன்று உள்ளன. குழாயின் முனையை நம் பங்க்குகளில் நாசில் என்பர். அதன் நுனியருகே ஒரு சிறு துளை இருப்பதை நீங்கள் காணலாம். பெட்ரோல் குறுகிய வழியாக விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அக்குறைவு அத்துளை வழியாகக் காற்றை உறிஞ்சும். தொட்டி நிரம்பிப் பெட்ரோல் மேலேறித் துளையை அடைத்ததும் காற்று வருவது நின்றுவிடும், உள்ளே வெற்றிடம் வலுத்து ஒரு மெல்லிய சவ்வை இழுக்கும், சவ்வு விசையை விடுவிக்கும், பாய்ச்சல் நிற்கும். மின்சாரமில்லை, கணிப்பொறியில்லை. நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் வென்ச்சூரித் தத்துவம் மட்டுமே அங்கு வேலை செய்கிறது. நிரம்பி வழிந்து தரையில் சிந்தும் பழைய ஆபத்தை இது பெரிதும் குறைத்துவிட்டது. மற்ற மாநிலங்களில் பயிற்சியற்ற மக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் தாமே நிரப்பிச் செல்கின்றனர். தீ விபத்து அரிதாகவே நேர்கிறது. தீயைக் காரணங்காட்டி முழுத்தடையை இனியும் தாங்கிப்பிடிக்க முடியாது என்பது என் துணிபு.

ஜப்பானியர் இதே அச்சத்தை வேறு வழியில் தீர்த்தனர். அங்கே 1998 வரை தாமே நிரப்புவதற்கு அனுமதியில்லை. அவ்வாண்டு விதியைத் திருத்தியபோது, நிரப்பும் கையை மாற்றினார்களேயன்றிக் காவற்கண்ணை அகற்றவில்லை. காரோட்டி முதலில் ஒரு தட்டைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைக் கழிக்கவேண்டும். தகுதி பெற்ற பணியாளர் ஒருவர் கண்காணிப்பு அறையிலிருந்து பார்த்து அனுமதித்த பின்னரே பெட்ரோல் பாயும். காரணம் மெய்யாக இருந்தால், அக்காரணத்துக்கு மட்டும் பொருந்தும் மருந்தைத் தேடுவது இத்தகையது.

விலையைப் பற்றிய காரணமோ காலத்தோடு உருமாறிவிட்டது. 1949-இல் 3 சென்ட் என்பது 14 விழுக்காடு என்று கண்டோம். காலன் 3 டாலர் விற்கும்போது 5 சென்ட் மிச்சமானாலும் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நியூ ஜெர்சி மக்களுள் சிலர் மற்றொரு வாதம் கூறுவதுண்டு. பணியாளர் நிரப்பித் தந்தும் எங்கள் மாநிலத்தில்தான் பெட்ரோல் மலிவு. ஆகவே பணியாளரால் விலை ஏறுவதில்லை என்பது அவ்வாதம். மலிவாக இருந்தது உண்மை. ஆனால் அம்மாநிலத்தில் பெட்ரோல் வரி நெடுங்காலம் காலனுக்கு 14.5 சென்ட் என்னும் தாழ்ந்த அளவில் நின்றது. சுத்திகரிப்பு ஆலையும் அருகிலேயே உண்டு. 2016-இல் ஒரே தடவையில் 23 சென்ட் வரி ஏறியதும் அந்த மலிவு பெரும்பாலும் மறைந்தது. இரண்டு செய்திகள் ஒருங்கே இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று வகுப்பறையில் எத்தனை தடவை கூறினேனோ, நினைவில்லை.

வேலையைப் பற்றிய காரணத்தை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். தாமே நிரப்பும் முறையில் வேலை மறைந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது மறையவில்லை. கூலி பெற்ற கையிலிருந்து கூலி பெறாத கைக்குச் சென்றது. இவான் இல்லிச் என்னும் அறிஞர் 1981-இல் நிழல் வேலை என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். தொழில்மயமான வாழ்க்கை நம்மிடம் கூலியின்றி வாங்கிக்கொள்ளும் வேலைகளைப் பற்றியது அந்நூல். தென்னாப்பிரிக்காவில் இன்றும் பணியாளர்களே பெட்ரோல் நிரப்புகின்றனர். அங்கே அதற்குரிய காரணத்தைத் தீயென்றும் ஆவியென்றும் சுற்றி வளைப்பதில்லை. வேலையின்மை மிகுந்த நாட்டில் அவ்வளவு பேரை வெளியே அனுப்ப இயலாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றனர். அந்நேர்மையை நான் மதிக்கிறேன். விலை சிறிது கூடினாலும் சரி, இத்தனை குடும்பங்கள் உண்ணட்டும் என்று ஒரு சமுதாயம் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்தால், அதனோடு வாதிடலாம். அதை ஏமாற்று என்று கூறமுடியாது.

ஓய்வு பெற்றபின் நான் என் மகள் வீட்டில் நியூ ஜெர்சியில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்குப் பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடியை இறக்கி அளவைச் சொல்லிவிட்டு அமர்ந்திருப்போம். பனி கொட்டும் நாளில் காதுவரை மூடிய தொப்பியுடன் ஒரு பணியாளர் வந்து நிரப்பித் தருவார். டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டால் மருமகன் தாமே இறங்குவார். அவர் இளைஞர், அது அவருக்கு ஒரு பொருட்டன்று. ஒருநாள் பக்கத்துப் பம்பில் ஒரு முதியவர் இறங்கினார். கையில் ஊன்றுகோல். ஒரு கையால் கோலையும் ஒரு கையால் காரையும் பற்றியபடி தொட்டியின் மூடி வரை நடந்தார். குழாயைத் தூக்க மூன்றாவது கை அவருக்கு வேண்டியிருந்தது. மருமகன் ஓடிச்சென்று, “ஐயா, நான் நிரப்பித் தரட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் தலையசைத்தார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். விலை கொடுத்துப் பெறும் பணிவிடை வேறு. வழியிற் போவோரிடம் பெறும் உதவி வேறு. முன்னதில் ஒருவர் குனிய வேண்டியதில்லை.

இத்தகையோருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமலில்லை. 1990-இல் இயற்றப்பட்ட உடற்குறையுடைய அமெரிக்கர் சட்டத்தின்படி, தாமே நிரப்பும் நிலையத்திலும் உடற்குறையுடையோர் கேட்டால் பணியாளர் வந்து நிரப்பித் தரவேண்டும். அதற்குக் கூடுதல் விலை வாங்கலாகாது. நல்ல விதிதான். ஆனால் நிலையத்தில் ஒரே ஒரு பணியாளர் மட்டும் இருக்கும் வேளையில் அவர் கல்லாவை விட்டு வரவேண்டியதில்லை என்றும் விலக்கு உண்டு. ஒரே பணியாளர் இருக்கும் வேளை எது? பெரும்பாலும் இரவு வேளை. உதவி மிகவும் வேண்டிய வேளையும் அதுவே.

இவ்வளவு இருந்தும் தாமே நிரப்பும் முறை நாடெங்கும் வெற்றி பெற்றதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் துணைசெய்தன. 1964-இல் கொலராடோ மாநிலத்தில், கடைக்குள் இருக்கும் ஒருவரே வெளியிலுள்ள பம்பை இயக்கவும் அளவைப் படிக்கவும் வல்ல கருவி ஒன்று பழக்கத்துக்கு வந்தது. பின்னர் 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது விலை ஏறி, ஒவ்வொரு சென்ட்டும் பெரிதாகத் தோன்றியது. தடை விதித்திருந்த மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடையை நீக்கின. நியூ ஜெர்சியும் ஆரிகனும் மட்டும் அசையவில்லை. ஆரிகனில் 1982-இல் இக்கேள்வியை மக்களின் வாக்குக்கே விட்டனர். தடையே இருக்கட்டும் என்று மக்கள் கூறிவிட்டனர்!

ஆரிகனின் தடை தளர்ந்தது வேறொரு வழியில். அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதி பாலை போன்ற பெருவெளி. ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தொலைவு. சிற்றூர் நிலையத்தில் இரவு முழுவதும் பணியாளரை வைத்திருக்கும் அளவுக்கு விற்பனை இல்லை. பணியாளர் வீடு சென்றுவிட்டால், பம்பு கண்ணெதிரே நின்றும் பெட்ரோல் கிடையாது. பாதுகாப்புக்காக எழுந்த சட்டம், நள்ளிரவில் பயணியை நடுவழியில் நிறுத்தும் சட்டமாயிற்று. ஆதலின் 2015-இல் மக்கள் தொகை குறைந்த மாவட்டங்களில் இரவில் மட்டும் தாமே நிரப்பிக்கொள்ள இடமளித்தனர். 2018-இன் தொடக்கத்தில் அது மேலும் விரிந்தது. எங்களுக்கு நிரப்பத் தெரியாதே என்று ஆரிகன் மக்கள் சிலர் அப்போது அஞ்சிக் கூறியது, நாற்பத்தெட்டு மாநிலத்தார்க்கும் நகைப்புக்கு இடமாயிற்று. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தனர். 2021 ஜூன் மாதத்தில் கடும் வெப்ப அலை வீசியபோதும், வெயிலில் நிற்கும் பணியாளர்களைக் காப்பதற்காக மீண்டும் சில நாள்கள் நிறுத்தினர். வாங்குவோரைக் காக்கப் பிறந்த விதியை, விற்போரைக் காக்க விலக்க வேண்டியிருந்தது. காலத்தின் விளையாட்டு இது.

இறுதியாக 2023 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆரிகன் ஆளுநர் டீனா கோடெக் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மக்கள் நெருங்கி வாழும் 16 மாவட்டங்களில் நிலையத்தார் பாதிப் பம்புகள் வரை தாமே நிரப்புவோருக்கு ஒதுக்கலாம். மற்றப் பாதியில் பணியாளர் நிற்கவேண்டும். இரண்டிலும் விலை ஒன்றே. இந்த ஏற்பாடு என் மனத்துக்கு உகந்தது. இறங்க முடிந்தவர் இறங்குகிறார். முடியாதவர் எவரிடமும் கையேந்தாமல் அமர்ந்திருக்கிறார். தாமே நிரப்புவோர் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கு மற்றவருக்கு நிரப்பும் பணியாளரின் கூலிக்குச் செல்கிறது என்று சிலர் குறை கூறுவர். உண்மைதான். இன்று அப்பங்கைத் தருபவரும் ஒருநாள் முதியவராகித் தீரவேண்டியவரே ஆதலின், அதை நான் பெரிய அநீதியாகக் கருதவில்லை.

நியூ ஜெர்சியில் 2006-இல் அப்போதைய ஆளுநர் கார்சைன், நெடுஞ்சாலை நிலையங்களில் மட்டும் தாமே நிரப்புவதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். மக்களின் எதிர்ப்பைக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 2022-இல் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. இம்முறை அதை ஆதரித்து நின்றோர் பெட்ரோல் நிலைய உரிமையாளர்களின் சங்கத்தார். 1949-இல் தம் தொழிலைக் காக்கத் தடையை வரவேற்றவர்களும் நிலைய உரிமையாளர்களே. இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, பம்புகளை மூடிவைக்க நேருகிறது என்பது அவர்கள் முறையீடு. அதே ஆண்டில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் மக்களின் கருத்தைக் கேட்டபோது, ஏறக்குறைய நால்வரில் மூவர் பணியாளரே நிரப்பித் தருவதை விரும்புவதாகக் கூறினர். மசோதா சட்டமாகவில்லை.